பழைய விளையாட்டு, புதிய நிறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை திறந்த பிறகு, கொழும்பிலிருந்து வந்த மாமா எங்களுக்கு ஒரு ரீ.வி. கேம் கொண்டுவந்தார். மஞ்சள் நிறக் கசெட் ஒன்றில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாக ஒட்டுத்தாளில் அச்சடித்திருந்தார்கள். பட்டியலில் கீழே போகப் போக, முதற்பக்கத்தில் விளையாடிய அதே விளையாட்டு வேறு பெயரில் திரும்ப வந்தது. ஆனால் வானம் கறுப்பாக இருந்தது. செங்கல் நீலமாக இருந்தது. தம்பிக்கு ஏமாற்றம். எனக்கோ, இதை யார் மாற்றினார்கள், எப்படி மாற்றினார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து விடவேயில்லை.

விடை கிடைக்கப் பல வருடங்கள் ஆயின. இப்போது சனிக்கிழமை மாலைகளில் எங்கள் அயலில் உள்ள பிள்ளைகளுக்குப் பழைய விளையாட்டுகளின் நிறத்தை மாற்றிக் காட்டுகிறேன். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்ட கேள்விகளையே இங்கே எழுதியிருக்கிறேன்.

நிறத்தட்டு என்றால் என்ன? விளையாட்டின் நிறம் படத்துக்குள்தானே இருக்கும்?

இல்லை. அதுதான் இந்த வேலையின் திறவுகோல்.

பழைய விளையாட்டுகளின் படத்தில் நிறம் கிடையாது, எண்தான் இருக்கிறது. ஒரு புள்ளியில் 5 என்று எழுதியிருந்தால், "ஐந்தாம் இடத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அதைப் பூசு" என்று பொருள். அந்த ஐந்தாம் இடம் வேறோர் அட்டவணையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பலெட் எனப்படும் அந்த அட்டவணையைத்தான் நிறத்தட்டு என்கிறேன். கோலத்துக்குப் புள்ளி வைத்து முடித்துவிட்டு, எந்தக் கிண்ணத்தில் எந்தப் பொடி என்பதைப் பிறகு தீர்மானிப்பது போன்றது இது. கிண்ணத்தில் இருக்கும் பொடியை மாற்றினால், கோலத்தில் ஒரு புள்ளியையும் தொடாமல் கோலம் முழுவதும் மாறிவிடும்.

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் வானத்தில் மிதக்கும் மேகத்தையும் தரையில் நிற்கும் பற்றையையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே வடிவம். வெள்ளை நிறத்தட்டைக் கொடுத்தால் மேகம். பச்சையைக் கொடுத்தால் பற்றை. 1992இல் வந்த மோர்ட்டல் கொம்பாட்டில் ஒரே நடிகரைப் படம்பிடித்து, உடுப்பின் நிறத்தை மாற்றியே மஞ்சள் நிற வீரனையும் நீல நிற வீரனையும் உண்டாக்கினார்கள். ஆகவே நாம் செய்யப்போவது விளையாட்டை உருவாக்கியவர்கள் தாமே செய்த வேலைதான்.

ஏன் அப்படி வைத்தார்கள்? நேரடியாக நிறத்தையே எழுதியிருக்கலாமே?

நினைவகம் போதாது. 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ என்ற கணினித் திரை முறையில், பெரும்பாலான விளையாட்டுகள் பயன்படுத்திய திரை 320க்கு 200 புள்ளிகள். மொத்தம் 64,000 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் (நினைவகத்தை அளக்கும் சிறு அலகு) என்றால் 64,000 பைட்டுடன் முடிந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் வைத்தால் 192,000. அந்தக் காலக் கணினிக்கு அது தாங்காத சுமை. ஒரு பைட்டில் 256 எண்கள்தான் அடங்கும். எனவே 256 நிறங்கள் கொண்ட ஒரு தட்டு. நிறத்துக்கு மூன்று பைட் வீதம் அந்தத் தட்டு வெறும் 768 பைட். ஒரு விளையாட்டின் முழு முகத்தையும் மாற்ற 768 பைட் போதும் என்பதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட இரவில் எனக்கு நித்திரை வரவில்லை.

அதற்கு முந்திய சிஜிஏ முறையில், 1981இல், 320க்கு 200 திரையில் நான்கே நிறங்கள். கறுப்பு, வெள்ளை, வெளிர்நீலம், ஊதா கலந்த இளஞ்சிவப்பு ஆகியவை கொண்ட அந்தத் திரையைப் பழைய கணினி நிலையங்களில் பார்த்தவர்களுக்கு அது இன்னும் கண்ணுக்குள் நிற்கும். ரீ.வி. கேமின் மூலமான நின்டெண்டோ ஃபமிகொம் 1983இல் வந்தது. அதில் பின்னணிக்கு மும்மூன்று நிறங்கள் கொண்ட நான்கு தட்டுகள், அசையும் உருவங்களுக்கு அதேபோல் நான்கு தட்டுகள், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பின்னிறம். கூட்டினால் ஒரே நேரத்தில் 25 நிறங்கள்.

தொடங்குவதற்கு என்ன வேண்டும்? செலவு எவ்வளவு?

செலவு இல்லை. பத்துப் பதினைந்து வருடம் பழைய மடிக்கணினியே தாராளம். மூன்று பொருட்கள் வேண்டும்: விளையாட்டை ஓடவிடும் எமுலேட்டர் (ஃபமிகொமுக்கு மெசன், விண்டோஸுக்கு முந்திய டொஸ் கணினி விளையாட்டுகளுக்கு டொஸ்பொக்ஸ்), பைட்களைப் பார்த்து மாற்ற ஒரு ஹெக்ஸ் எடிட்டர் (விண்டோஸில் எச்எக்ஸ்டி இலவசம்), ஒரு கொப்பியும் பேனையும். கொப்பி கட்டாயம். எந்த இடத்தில் என்ன எண் இருந்தது, எதை வைத்தேன் என்று எழுதாமல் மாற்றியவர்கள் எல்லோரும் இரண்டாம் நாளே வழி தவறியிருக்கிறார்கள்.

முதல் விதி: மூலக் கோப்பைப் பிரதி எடுத்து வேறொரு கோப்புறையில் வையுங்கள். பிரதியில் மட்டும் கை வையுங்கள்.

ஒரு எளிய உதாரணத்தைப் படிப்படியாகக் காட்ட முடியுமா?

மாரியோவுக்கு நல்லூர்த் திருவிழா உடுப்புப் போடலாம்.

உங்களிடம் உள்ள சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கோப்பின் பிரதியை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, 22 16 27 18 என்ற பைட் வரிசையைத் தேடுங்கள். அதற்கு அடுத்தே 22 30 27 19 என்றும், அதற்கடுத்து 22 37 27 16 என்றும் இருந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். முதல் நான்கும் மாரியோ. அடுத்த நான்கு லூயிஜி. கடைசி நான்கு தீப்பந்து எறியும் மாரியோ. ஒவ்வொன்றிலும் முதலில் உள்ள 22 வானத்துக்குரிய இடம். அதை விட்டுவிடுங்கள். மாரியோவின் மூன்று எண்களில் 16 தொப்பியும் காற்சட்டையும், 27 தோல், 18 மேற்சட்டையும் முடியும் மீசையும்.

ஃபமிகொமின் நிற எண்ணை வாசிப்பது எளிது. இரண்டாம் இலக்கம் எந்த நிறம் என்பதைச் சொல்கிறது: 2 நீலம், 6 சிவப்பு, 7 செம்மஞ்சள், 9 இளம்பச்சை. முதல் இலக்கம் எவ்வளவு வெளிச்சம் என்பதைச் சொல்கிறது: 0 இருட்டு, 3 வெளிர். ஆகவே 16ஐப் பதினாறு என்று வாசிக்காமல், "ஒன்றாம் படிச் சிவப்பு" என்று வாசியுங்கள். 06 அதே சிவப்பின் இருண்ட படி.

இப்போது மாற்றுவோம். வெள்ளை வேட்டிக்கு 16ஐ 30 ஆக்குங்கள். முகம் நம்மூர் மாநிறமாக வேண்டும். 27ஐ ஒரு படி இறக்கி 17 ஆக்குங்கள். மேற்சட்டைக்கு நல்லூர் மதிலின் சிவப்பு. 18ஐ 16 ஆக்குங்கள். சேமித்து ஓடவிடுங்கள்.

வேட்டி நன்றாக இருக்கும். ஆனால் முகத்தைப் பாருங்கள். மீசையும் கண்ணும் மங்கிப்போய், முகம் ஒரு மண்ணாங்கட்டி போல இருக்கும். எங்கள் அயலில் இதைச் செய்து பார்த்த ஒவ்வொரு பிள்ளையும் இந்த இடத்தில் "நிறம் பிழை" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நிறம் பிழையில்லை. 17, 16 இரண்டும் ஒன்றாம் படி. வெளிச்சம் ஏறக்குறைய ஒன்று. செம்மஞ்சளும் சிவப்பும் வேறு நிறங்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் எட்டுப் பத்துப் புள்ளி அகலமுள்ள முகத்தில் கண் முதலில் தேடுவது வெளிச்ச வேறுபாட்டை. மேற்சட்டைக்கு வைத்த 16ஐ 06 ஆக்குங்கள். மீசை திரும்ப வந்துவிடும்.

இந்த வேலையில் நான் கற்றதில் பெரும்பகுதி இதுதான். முதலில் வெளிச்சம், பிறகு நிறம்.

வெளிச்சம் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

திரையைப் படமெடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிந்தால் சரி. கணக்காகவே பார்க்க விரும்பினால், சிவப்பின் அளவில் 30 வீதம், பச்சையில் 59 வீதம், நீலத்தில் 11 வீதம் எடுத்துக் கூட்டுங்கள். அதுவே அந்த நிறத்தின் வெளிச்சம். நீலத்தின் பங்கு எவ்வளவு சிறிது என்று கவனியுங்கள். முழு நீலத்தை வைத்துவிட்டு "பளிச்சென்று வைத்தேன், ஏன் இருட்டாக இருக்கிறது" என்று கேட்பவர்களுக்கு விடை அந்த 11 வீதத்தில் இருக்கிறது.

எமுலேட்டரிலேயே நிறத்தை மாற்றும் வசதி இருக்கிறதே, அது போதாதா?

அது வேறு வேலை. எமுலேட்டர்கள் 'பால்' என்ற பின்னொட்டுள்ள ஒரு சிறு கோப்பை ஏற்கும். 64 நிறங்களுக்கு மூன்று மூன்று பைட், மொத்தம் 192 பைட். "16 என்றால் எந்தச் சிவப்பு" என்பதை அது தீர்மானிக்கிறது. அதை மாற்றினால் நீங்கள் ஓடவிடும் எல்லா விளையாட்டுகளும் மாறும். வானத்தில் இருந்தாலும் சட்டையில் இருந்தாலும் ஒரே எண் ஒரேபோல மாறும். விளையாட்டுக் கோப்பில் செய்யும் மாற்றமோ, "இந்த இடத்தில் 16க்குப் பதிலாக 06" என்பது. அந்த ஒரு விளையாட்டில், அந்த ஒரு உருவம் மட்டும் மாறும்.

பழக்கத்துக்கு முதலில் 'பால்' கோப்பில் விளையாடிப் பார்ப்பது நல்லது. எதையும் பழுதாக்க முடியாது.

சிறுவயதில் ரீ.வி.யில் பார்த்த வானம் வேறு நீலம், கணினியில் வேறு நீலம். எது சரி?

ஃபமிகொமுக்குள் சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு என்ற அளவு எங்கும் எழுதப்படவில்லை. அதன் வரைகலைச் சில்லு நேரடியாகத் தொலைக்காட்சிச் சமிக்ஞையையே உண்டாக்குகிறது. அந்தச் சமிக்ஞையை எந்த நிறமாகக் காட்டுவது என்பதைத் தொலைக்காட்சிப் பெட்டிதான் முடிவு செய்தது. அப்போது ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி என்ற தொலைக்காட்சி முறை. இலங்கையில் பால் என்ற முறை (மேலே சொன்ன 'பால்' கோப்பு வேறு). பெட்டிக்குப் பெட்டி திருகியும் வேறு. எனவே எமுலேட்டரில் உள்ள 64 நிறங்களும் யாரோ ஒருவர் அளந்தோ கணக்கிட்டோ தந்தவை. இதுதான் சரி என்று ஒன்று கிடையாது. உங்கள் வீட்டுப் பெட்டியில் வானம் ஊதாவாக இருந்ததென்றால், அது ஊதாவாகத்தான் இருந்தது.

டூம் போன்ற கணினி விளையாட்டுகளை எப்படி மாற்றுவது?

1993இல் வந்த, சுடும் விளையாட்டான டூம்தான் நிறம் மாற்றுபவர்களுக்கு மிக நல்ல பள்ளிக்கூடம். அதன் தரவு வாட் என்ற கோப்பில் சிறு சிறு துண்டுகளாக இருக்கிறது. நிறத்தட்டுக்குரிய துண்டின் பெயர் பிளேபால். அதில் ஒரு தட்டல்ல, 14 தட்டுகள் இருக்கின்றன. 768 பைட் வீதம் 10,752 பைட். முதலாவது சாதாரண நிறம். அடுத்த எட்டும் அடிபடும்போது திரை சிவப்பதற்கு. அதற்கடுத்த நான்கும் பொருள் எடுக்கும்போது திரை மஞ்சளாக மின்னுவதற்கு. கடைசித் தட்டு பாதுகாப்பு உடை அணிந்திருக்கும்போது வரும் பச்சை. அடிபடும்போது திரை சிவப்பதற்கு ஒரு படத்தையும் மீண்டும் வரையவில்லை, தட்டைத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது டூமை உருவாக்கிய சிறிய குழுவின் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

பயிற்சிக்கு ஃபிரீடூமை எடுத்துக்கொள்ளுங்கள். டூமின் நிரல் 1997 இறுதியில் வெளியிடப்பட்டது. ஆனால் படங்களும் ஒலியும் அப்படி வெளியிடப்படவில்லை. அந்த இடத்தை நிரப்பத் தன்னார்வலர்கள் உருவாக்கியதுதான் ஃபிரீடூம். உரிமக் குறிப்பை உடன் வைத்து, மாற்றலாம், பகிரலாம். ஸ்லேட் என்ற இலவசத் தொகுப்பானில் அதைத் திறந்து, பிளேபால் துண்டையும் கலர்மாப் துண்டையும் புதிய வாட் கோப்பொன்றுக்குப் பிரதி எடுத்து, அங்கே மாற்றிச் சேமியுங்கள். டூமை ஓடவிடும் கிறிஸ்பி டூம் போன்ற இயக்கியில் அந்தப் புதிய கோப்பை மேலதிகமாக ஏற்றினால் போதும். மூலக் கோப்பு தொடப்படாமல் இருக்கும்.

பிளேபாலை மாற்றினேன். வெளிச்சமான இடத்தில் நன்றாக இருக்கிறது. இருட்டு மூலைக்குப் போனால் கண்ட கண்ட நிறம் வருகிறது. ஏன்?

கலர்மாப்பை மாற்றவில்லை. டூமில் 256 நிறங்களுக்கு மேல் வைக்க இடமில்லை. அப்படியானால் அதே சுவர் தூரத்தில் இருளாகத் தெரிவது எப்படி? கலர்மாப் என்பது 34 வரிசைகள். முதல் 32 வரிசைகளும் "இந்த எண்ணுக்குரிய நிறம் இவ்வளவு இருட்டில் அந்த எண்ணாக மாறும்" என்று சொல்கின்றன. 50ஆம் நிறம் சற்று இருட்டில் 52 ஆகும், இன்னும் இருட்டில் 57 ஆகும் என்பது போல. இந்தக் கணக்கு பழைய தட்டைப் பார்த்துச் செய்தது. நீங்கள் 57ஆம் இடத்தில் கத்தரிப்பூ நிறத்தை வைத்திருந்தால், இருட்டு மூலையில் கத்தரிப்பூ பூக்கும். புதிய தட்டை வைத்துக் கலர்மாப்பை மீண்டும் உண்டாக்க ஸ்லேட்டிலேயே வசதி இருக்கிறது. தட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைச் செய்யுங்கள்.

யாழ்ப்பாணத்து நிறங்களை ஒரு விளையாட்டுக்குள் கொண்டுவர விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

வாசலில் இருந்து. நான் எடுத்தவை இவை: நல்லூர்க் கோயில் மதிலின் சிவப்பும் வெள்ளையும், கோபுரத்தின் பொன்மஞ்சள், வலிகாமத்துச் செம்மண், பண்ணைப் பாலத்தில் பின்னேரம் ஆறு மணிக்குக் கடல்நீரேரி, கிடுகு வேலி, பனை.

கைபேசியில் படமெடுத்து, ஒரே ஒரு புள்ளியின் நிறத்தை எடுக்காதீர்கள். மதிலில் ஒரு புள்ளி நிழலாக இருக்கும், அடுத்தது பூச்சு உரிந்த இடமாக இருக்கும். ஓர் உள்ளங்கை அகலப் பகுதியைத் தேர்ந்தெடுத்து மங்கலாக்கி, சராசரி நிறத்தை எடுங்கள். நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் எடுத்த மதில் வெளிறி, ரோசாவாக வந்தது. காலை ஏழரைக்கு எடுத்ததுதான் நாம் கண்ணால் காணும் சிவப்பாக இருந்தது. எனக்குக் கிடைத்த அளவு சிவப்பு 168, பச்சை 52, நீலம் 40.

ஒரு நிறம் போதாது. ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை ஒரு படிவரிசை வேண்டும். டூமில் 112 முதல் 127 வரையுள்ள 16 இடங்கள் பச்சை. 112 மிக வெளிர், 127 மிக இருட்டு. விளையாடுபவனின் உடுப்பு அந்தப் பச்சையில்தான் இருக்கிறது. அந்தப் பதினாறுக்கும் பனையோலையை வைக்க விரும்பினேன். குருத்தோலை, சார்வோலை, முற்றிய பச்சோலை, காவோலை என்று ஒரே மரத்தில் இருக்கும் நான்கையும் படமெடுத்து, அதே வரிசையில் 112 முதல் 127 வரை நிரப்பினேன். "காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்" என்று சொல்லி வளர்ந்த எனக்கு அதைவிட இயல்பான வரிசை தோன்றவில்லை.

ஓடவிட்டபோது உடுப்பு விகாரமாக இருந்தது. மடிப்புகளுக்குள், நிழல் விழ வேண்டிய இடத்தில், வெளிர்ப் பழுப்புத் திட்டுகள். மறுநாள் வளவில் இறங்கிப் பனையடியில் நின்று பார்த்தேன். காய்ந்து தொங்கும் காவோலை, முற்றிய பச்சோலையைவிட வெளிறியது! ஐம்பது தடவை பார்த்த மரம். ஓலையின் வயதை வரிசைப்படுத்தியிருந்தேனே தவிர வெளிச்சத்தை வரிசைப்படுத்தவில்லை. குருத்தோலையை 112இல் வைத்து, சார்வோலையை நடுவில் வைத்து, பச்சோலையின் அடிநிழலை 127இல் வைத்தேன். காவோலையைப் பழுப்பு வரிசைக்குக் கொண்டுபோனேன். மரப்பலகைகளும் பெட்டிகளும் அதில்தான் இருக்கின்றன. அன்று மாலை உடுப்பு சரியாக மடிந்தது.

இன்னுமொன்று. இருட்டுப் படிகளை உண்டாக்க நிறத்துடன் கறுப்பை மட்டும் கலக்காதீர்கள், சேற்று நிறமாகும். செம்மண்ணின் நிழல் வெறும் கறுத்த செம்மண் அல்ல. சற்று ஊதா கலந்தது. வெயில் படும் பக்கம் மஞ்சளை நோக்கிப் போகும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஏதாவது தோட்டக்காணிக்குப் போய்ப் பாருங்கள், கண்ணாலேயே தெரியும்.

வேறொரு டொஸ் விளையாட்டின் நிறத்தட்டைக் கண்டுபிடித்துத் திறந்தேன். எல்லாமே இருட்டாக இருக்கிறது. கோப்புப் பழுதா?

பழுதில்லை. விஜிஏ ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 0 முதல் 63 வரைதான் அளவு வைத்திருந்தது. 64ஐ மூன்று முறை பெருக்கினால் 262,144. அத்தனை நிறங்களிலிருந்து 256ஐத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய மென்பொருள்கள் 0 முதல் 255 வரை எண்ணுகின்றன. 63ஐ முழு வெள்ளை என்று அறியாமல் கால்வாசி வெளிச்சம் என்று எடுத்துக்கொள்கின்றன. பார்ப்பதற்கு நான்கால் பெருக்குங்கள், திரும்ப எழுதும்போது நான்கால் வகுங்கள். என் மதிலின் 168, 52, 40 அங்கே 42, 13, 10 ஆகும். எல்லா டொஸ் விளையாட்டும் இப்படி இல்லை. டூம் 255 வரையுள்ள அளவிலேயே வைத்திருக்கிறது. தட்டில் 63ஐத் தாண்டிய எண் ஒன்றுகூட இல்லை என்றால் பழைய அளவு என்று கொள்ளலாம்.

நிறத்தை மாற்றிய பிறகு அருவி ஓடாமல் மின்னிக்கொண்டே இருக்கிறது.

அந்த அருவியில் நீர் அசையவேயில்லை. தட்டில் உள்ள நீலங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறிச் சுற்றுகின்றன. அந்தச் சில இடங்களுக்குள் நீங்கள் வேறு நிறம் ஒன்றை வைத்துவிட்டீர்கள். அது சுற்றி வரும்போதெல்லாம் மின்னுகிறது. சுழலும் இடங்கள் எவை என்று ஒவ்வொன்றாகச் சிவப்பு வைத்துக் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டு, அவற்றுக்குள் நெருங்கிய நிறங்களையே வையுங்கள்.

சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இது உதவுமா?

மிகவும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை இருப்பதாக அறியப்பட்டிருக்கிறது. நம்மிடையேயும் இருக்கிறார்கள், பலர் வெளியே சொல்வதில்லை. என் பெரியம்மாவின் மகன் அவர்களில் ஒருவர். ஒரே நிறக் கற்களைச் சேர்க்கும் விளையாட்டை, சிறுவயதில் எங்களுடன் உட்கார்ந்து பார்ப்பாரே தவிர விளையாட மாட்டார். விருப்பமில்லை என்று நினைத்திருந்தோம். போன வருடம் அந்த விளையாட்டின் பச்சைக் கல்லை வெளிர்நீலமாக்கி, சிவப்புக் கல்லை இரண்டு படி இருட்டாக்கிக் கொடுத்தேன். இரண்டே பைட். "தம்பி, இது நான்கு நிறமா?" என்று கேட்டார். அன்றிரவு பதினொரு மணி வரை எழும்பவில்லை.

இந்த வேலையில் நான் செய்த எதையும்விட எனக்கு அதுதான் பெரிது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மதிலையும் பனையையும் பிறகு பார்க்கலாம். முதலில் அவருக்கு ஒன்று செய்து கொடுங்கள்.

மாற்றிய விளையாட்டை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா?

முழு விளையாட்டையும் கொடுக்கக்கூடாது. அது உருவாக்கியவர்களின் சொத்து. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. உங்கள் மாற்றத்தை மட்டும் ஒரு ஒட்டுக் கோப்பாகக் கொடுங்கள். ஐபிஎஸ் என்ற வடிவம் அதற்குப் பழக்கமானது: எந்த இடத்தில் எந்தப் பைட் என்பது மட்டும் அதில் இருக்கும். மாரியோவின் வேட்டி சில பத்துப் பைட்டுக்குள் அடங்கிவிடும். மூல விளையாட்டை வைத்திருப்பவர் அதைத் தன் பிரதியில் ஒட்டிக்கொள்வார். பிபிஎஸ் வடிவத்தில், பொருந்தாத மூலத்தில் ஒட்டினால் எச்சரிக்கவும் செய்யும். ஃபிரீடூமுக்கு இந்தக் கவலை இல்லை.

என் மகனுக்குப் பதினொரு வயது. செய்யலாமா?

செய்யலாம். டூம் வேண்டாம், ஃபமிகொம் போதும். நீங்களும் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள்.

விளையாட்டு தொடங்கவே மறுக்கிறது. எதைப் பழுதாக்கினேன்?

பெரும்பாலும் ஒரு பைட்டை மாற்றுவதற்குப் பதிலாக ஒரு பைட்டைச் செருகிவிட்டீர்கள். அப்போது அதன் பின்னால் உள்ள அத்தனையும் ஓரிடம் தள்ளிப்போகும். கோப்பின் அளவை மூலத்துடன் ஒப்பிடுங்கள். ஒரு பைட்டாவது கூடியிருந்தால் அதுதான் காரணம். எடிட்டர் மேலெழுதும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரதியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

மாற்றியதைப் பழைய ரீ.வி.யில் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். மீள எழுதக்கூடிய கசெட் வாங்கினால் பழைய ரீ.வி. கேமிலேயே ஓடும், விலை கூட. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் பழைய ரீ.வி.க்கேற்ற கொம்பொசிட் வெளியீட்டைப் பழைய பெட்டியில் செருகுவது மலிவு. கணினித் திரையில் கூர்மையாகத் தெரிந்த எல்லைகள் குழாய்ப் பெட்டியில் ஒன்றுக்குள் ஒன்று கசியும். சிவப்பு பக்கத்துக்குப் பரவும். முழு வெள்ளை ஊதிப் பெருக்கும்.

அம்மாவின் அறையில் இன்னும் ஒரு 14 அங்குலப் பெட்டி இருக்கிறது. அதில் வேட்டி மாரியோவை ஓடவிட்டபோது 30இன் வெள்ளை பொங்கி, தொப்பிக்குக் கீழே முகத்தின் பாதியைத் தின்றுவிட்டது. தீப்பந்து மாரியோவின் வரிசையில் இருந்த 37ஐ எடுத்து அங்கே வைத்தேன். சற்றுப் பழுத்த வெள்ளை. இன்னும் தோய்க்காத கோடித் துணியின் நிறம். முகம் வெளியே வந்தது. கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இப்பதான் வேட்டி மாதிரி இருக்கு" என்றார்.